கேமராவைச் சுவர் பக்கம் திருப்பிய நர்ஸ்

மன்னவனூர் ஆஸ்பத்திரிக்கு டிவி டாக்டர் வந்த புதிதில் காய்ச்சல்காரர்கள்கூட முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினார்கள். நர்ஸ் தேவகுமாரி ஒரு ஈரத்துணியோடு வாசலிலேயே நிற்பாள்.

"முகம் வெளுத்திருக்கா, மஞ்சப் பூத்திருக்கான்னு மதுரையில இருக்க டாக்டரம்மா பாக்கணும். நீ மாவு பூசிட்டு வந்து ஒக்காந்தா அவங்க என்னாத்தப் பாப்பாங்க?" என்று திட்டிக்கொண்டே துடைத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறக்கட்டளை நடத்திய இடம். தகரக் கூரை, மூன்று அறை, நாலு கட்டில். கொடைக்கானலிலிருந்து டாக்டர் அருள்தாஸ் வாரத்தில் இரண்டு நாள் ஜீப்பில் வருவார். மற்ற நாட்களில் பிரசவம், காய்ச்சல், அரிவாள் வெட்டு எதுவானாலும் தேவகுமாரிதான். கைக்கு மீறினால் பூம்பாறை வழியாகக் கொடைக்கானலுக்கு அனுப்ப வேண்டும். மழைக்காலத்தில் அந்த ரோட்டை நம்ப முடியாது.

தேவகுமாரி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ஏழு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில மாதம் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவள். அப்பா மரம் வெட்டப் போனார், அம்மா பக்கத்து ஊரான கவுஞ்சியில் கேரட் பிடுங்கப் போனாள். கொடைக்கானலில் மிஷன் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள் அவளைப் படிக்க வைத்து, மதுரைக்கு நர்ஸ் படிப்புக்கும் அனுப்பினார்கள். படிப்பு முடிந்ததும் கீழே வேலை கிடைத்தது. அவள் மேலே திரும்பி வந்துவிட்டாள். வாத்தியார் ஒருவரைக் கல்யாணம் செய்து இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் அவளுடைய பேச்சில் தோட்டத்துத் தமிழ் ஒட்டிக்கொண்டே இருந்தது. 'முடியாது' என்று சொல்ல மாட்டாள், 'ஏலாது' என்பாள்.

2005-ல் கூரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வெள்ளைத் தட்டை நிறுத்தினார்கள். மூன்றாவது அறையில் கம்ப்யூட்டர், டிவி, கேமரா, நெஞ்சுத் துடிப்பை எடுத்து அனுப்பும் கருவி எல்லாம் வந்து இறங்கின. சேட்டிலைட் வழியாக மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையோடு இணைப்பு. கருவிகளைப் பார்த்துக்கொள்ள தனசேகர் என்பவர் வந்தார். அதற்கு முன்னால் கொடைக்கானலில் கேபிள் டிவி நடத்தியவர். மலையில் பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒயர் இழுத்திருந்தார்.

தேவகுமாரிக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. அவள் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் ஊசி போடுவதையும் யாரோ ஒரு டாக்டர் மதுரையில் உட்கார்ந்து கவனிக்கிறார் என்ற நினைப்பே அவளை உறுத்தியது. பரீட்சை எழுதும்போது தோளுக்குப் பின்னால் டீச்சர் வந்து நிற்பது போலிருந்தது.

டாக்டர் அருள்தாஸுக்கும் வருத்தம்தான். "வயித்த அமுக்கிப் பாக்காம என்ன வைத்தியம் சிஸ்டர்? ஜோசியம்தான் சொல்லலாம்" என்றார்.

திரையின் அந்தப் பக்கம் இருந்த டாக்டர் சுசித்ராவும் சந்தோஷமாக அந்த நாற்காலியில் வந்து உட்காரவில்லை என்பது தேவகுமாரிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வார்டில் நோயாளிகளுக்கு நடுவே வேலை பார்த்துப் பழகியவரை ஒரு சின்ன ஏசி அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். கையைக் கட்டிப் போட்டு வைத்தியம் பார்க்கச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

பேச்சே முதலில் சரியாக வரவில்லை. இங்கே பேசியது வானத்துக்குப் போய் இறங்குவதற்குள் கொஞ்சம் தாமதமாகும். பதில் வரவில்லையே என்று தேவகுமாரி மறுபடி ஆரம்பிப்பாள், அதே நேரத்தில் டாக்டரின் பதில் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள். இருவரும் ஒன்றாகத் தொடங்குவார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும், "அவ்வளவுதான் டாக்டர்" என்பாள் தேவகுமாரி. "அவ்வளவுதான் சிஸ்டர்" என்பார் அவர். நோயாளிகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ராத்திரி பூரா இருமலுங்க, அவ்வளவுதான் டாக்டரம்மா" என்று கும்பிட்டு எழுந்தார்கள்.

நாள்பட நாள்பட, தேவகுமாரி தனக்குத் தெரியாமலே மாறிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் கை செய்வதை வாய் சொல்லத் தேவை இருந்ததில்லை. இப்போது வயிற்றில் கை வைத்தால், எங்கே கல் மாதிரி இருக்கிறது, எங்கே அமுக்கினால் ஆள் துள்ளுகிறார் என்று வார்த்தையாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. சுசித்ரா குறுக்கிட்டுக் கேட்பார், இவள் மறுபடி தொட்டுப் பார்ப்பாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு நோயைக் கண்டுபிடிப்பதில் ருசி தட்ட ஆரம்பித்தது. நெஞ்சு கரிக்கிறது என்று சோடா உப்பு கேட்டு வந்த ஒரு பெரியவரின் துடிப்புப் படத்தை அனுப்பியபோது, "இது கரிப்பு இல்ல சிஸ்டர், ஹார்ட்" என்று சுசித்ரா எழுந்தே நின்றுவிட்டார். அவரை அன்றே கீழே அனுப்பிப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு தேவகுமாரி அந்த அறையைத் தானே கூட்டிப் பெருக்கத் தொடங்கினாள்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. பூம்பாறையைத் தாண்டி ஓரிடத்தில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. ஒரு நாள் காலையில் மட்டும் மழை விட்டு வெயில் அடித்தது. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், முட்டைக்கோசு மூட்டை ஏற்றும் ஜீப் ஒன்று ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. சுப்பையா தன் மனைவி ராக்கம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இரண்டு பேருமே கூலி வேலைக்காரர்கள். தேவகுமாரிக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுடைய மகன் பிறந்தது அவள் கையில்தான்.

ராக்கம்மாவின் வாயில் நுரை தள்ளியிருந்தது. உடம்பெல்லாம் தெப்பலாக வியர்வை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் கறகறவென்று சத்தம்.

"என்னாண்ணே ஆச்சு?"

"சஷ்டி விரதம் இருக்கா நர்ஸம்மா. வெள்ளனே பச்சத்தண்ணியோட கோசுக் காட்டுக்கு வந்தா. மயங்கி விழுந்துட்டா."

விரத மயக்கத்தில் நுரை வராது. தேவகுமாரி அவளை மூன்றாவது அறைக் கட்டிலுக்கே கொண்டுபோகச் சொல்லி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து உறிஞ்சி எடுத்து, ஆக்சிஜன் வைத்தாள். தனசேகர் மதுரையை அழைத்தார். திரையில் சுசித்ராவின் முகம் வந்தது.

"நாடி ரொம்ப மெதுவா ஓடுது டாக்டர். வாயில தண்ணி ஊத்துறது நிக்கவே இல்ல. நெஞ்சு பூரா சளிச் சத்தம். அவ்வளவுதான் டாக்டர்."

"கண்ணுமணியைக் காட்டுங்க."

கேமராவைக் கிட்டே கொண்டுபோனார் தனசேகர். மதுரைக்கு ஒரு கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. தேவகுமாரி டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஊசி முனை மாதிரி சுருங்கிக் கெடக்கு டாக்டர். வெளிச்சத்துக்கு அசையல."

"பூச்சி மருந்து மாதிரி தெரியுது. பக்கத்துல குனிஞ்சு பாருங்க சிஸ்டர், பூண்டு வாடை அடிக்குதா?"

தேவகுமாரி குனிந்தாள். அடித்தது. ஆனால் அது அவளுடைய சேலையிலும் அடித்தது, சுப்பையாவிடமும் அடித்தது. மலைப்பூண்டு வெட்டி வீட்டுக்கு வீடு விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த நேரம்.

"இப்ப இந்த ஊருல எல்லார் மேலயும் பூண்டு வாடைதான் டாக்டர்!"

அந்த நேரத்திலும் சுசித்ராவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. உடனே முகம் மாறியது. "அட்ரோபின் இருக்கா?"

இருந்தது, அந்த விஷமுறிவு ஊசி ஒரு பெட்டி நிறைய. பூச்சி மருந்து அடிக்கிற ஊர், இது கையில் இல்லாமல் இருக்கக் கூடாது என்று டாக்டர் அருள்தாஸ் வருஷா வருஷம் பிடிவாதமாக வாங்கி வைத்தது. தேவகுமாரி நரம்பில் ஊசி ஏற்றினாள்.

"இனி எனக்கு ஒண்ணு தெரியணும். குடிச்சாங்களா, இல்ல உடம்புல பட்டதா? குடிச்சிருந்தா வயித்தைக் கவனிக்கணும். மேல பட்டிருந்தா உடனே கழுவணும், இல்லேன்னா நாம மருந்து ஏத்த ஏத்த அது உள்ள போய்க்கிட்டே இருக்கும். வீட்டுக்காரரைக் கேளுங்க."

சுப்பையா சுவரோரம் ஒட்டி நின்றார். "மருந்தெல்லாம் ஒண்ணுமில்லீங்க. விரதம்தான்."

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க."

"விரதம்தாங்க."

அவருடைய கண் தேவகுமாரியைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தது, தனசேகரைப் பார்த்தது, மறுபடி கேமராவுக்குப் போனது. அப்போதுதான் தேவகுமாரிக்கு விளங்கியது. அவருக்கு இது ஆஸ்பத்திரிக் கருவி இல்லை. இது டிவி. அதை நடத்துகிறவர் கேபிள்காரர். இங்கே வாயைத் திறந்தால் மலை முழுக்க வீட்டுக்கு வீடு தெரியும் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

அவள் எட்டிக் கேமராவைச் சுவர் பக்கம் திருப்பினாள். மைக்கின் ஒயரைப் பிடுங்கினாள். "தனசேகரண்ணே, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். மதுரையில் சுசித்ராவுக்கு வெறும் சுண்ணாம்புச் சுவர் தெரிந்தது, சத்தமும் இல்லை. இணைப்பு கெட்டுப்போனதோ என்று பதறினார் அவர்.

தேவகுமாரி சுப்பையாவின் கையைப் பிடித்தாள். "இப்ப இதுல ஒண்ணும் தெரியாது. நானும் நீங்களுந்தான். இது ஊருக்குப் போற டிவி இல்லண்ணே, ஒரே ஒரு டாக்டரம்மா பாக்குறது. சொல்லுங்க, குடிச்சாளா?"

சுப்பையாவுக்கு அழுகை வந்துவிட்டது. "குடிக்கல நர்ஸம்மா, எம்புள்ள மேல சத்தியமா குடிக்கல. மருந்துன்னு சொன்னாலே குடிச்சுட்டான்னுதான சொல்லுவாக? போலீஸ் வரும். பொஞ்சாதிய என்னமோ பண்ணிட்டான்னு ஊரு பேசும். இவ காலையிலருந்து கோசுக்கு மருந்து கலக்கிக் குடுத்தா. குச்சிய வச்சுக் கலக்கலே, கைய விட்டே கலக்கினா. டின்னு சரிஞ்சு மடியில பூராக் கொட்டிருச்சு. காத்துல காஞ்சுரும்னு அப்படியே சோலியப் பாத்தா."

அவர் இடுப்பில் சொருகி வைத்திருந்த மருந்து டப்பாவின் மூடியையும் அட்டையையும் எடுத்து நீட்டினார். தூக்கிப் போடவும் மனம் வராமல், காட்டவும் துணியாமல் வைத்திருந்தார்.

தேவகுமாரி மைக்கைச் செருகினாள். "குடிக்கல டாக்டர். மடியில கொட்டியிருக்கு. டப்பா பேரு சொல்றேன்."

"கடவுளே. துணியெல்லாம் கழட்டிருங்க. கையுறை போட்டுக்குங்க, நீங்க வெறுங்கையால தொட்டுறாதீங்க. சோப்புப் போட்டு முடியிலருந்து கால் வரைக்கும் கழுவுங்க. கேமரா அந்தப் பக்கமே இருக்கட்டும் சிஸ்டர். எனக்குச் சத்தம் மட்டும் போதும்."

சுப்பையாவையும் வெளியே அனுப்பிவிட்டு, ஆயா வேலுமணியும் தேவகுமாரியும் ராக்கம்மாவைக் கழுவினார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே சுசித்ரா கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, முன்னால் போட்டதைப் போல இரண்டு மடங்கு ஊசி மருந்து. தேவகுமாரிக்குப் பயமாக இருந்தது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு அட்ரோபின் யாருக்கும் போட்டதில்லை.

"என்னால ஏலாது டாக்டர். கை நடுங்குது."

"நடுங்கட்டும். நானும் இங்க நடுங்கிட்டுதான் இருக்கேன். கேளுங்க, மழை வருதுன்னு வெளியிலருந்து தனசேகர் கத்துறது எனக்கும் கேக்குது. லிங்க் போயிரும். போனாலும் நிறுத்தாதீங்க. நாடியைப் பாத்து நிறுத்தாதீங்க, கண்ணுமணியைப் பாத்தும் நிறுத்தாதீங்க. நெஞ்சுல ஸ்டெத் வச்சுக் கேளுங்க. அந்தக் கறகற சத்தம் எப்ப அடங்குதோ அதுதான் கணக்கு. அப்புறம் அவங்க பெனாத்துவாங்க, உடம்பு கொதிக்கும். அது மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயந்துறாதீங்க. அவ்வளவு—"

தகரக் கூரையில் மழை இறங்கியது. திரையில் டாக்டரின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நின்று, பிறகு கறுப்பாகிப் போனது. முன்னறையில் டெலிபோனை எடுத்துப் பார்த்தார் தனசேகர். அதிலும் உயிர் இல்லை.

தேவகுமாரி ஊசியில் மருந்தை ஏற்றினாள். போட்டாள். காத்திருந்தாள். ஸ்டெத்தை வைத்துக் கேட்டாள். கூரைச் சத்தத்தில் நெஞ்சுச் சத்தம் பிரிந்து கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மறு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டாள். கறகற. மறுபடி போட்டாள். மறுபடி கேட்டாள். ஆயா சுவாமி படத்தைப் பார்த்து ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை போட்டுவிட்டுக் கேட்டபோது, அடியில் மட்டும் லேசாக இரைந்தது. அதற்கடுத்த தடவை இரண்டு பக்கமும் காற்று சுத்தமாகப் போய் வந்தது. ராக்கம்மாவின் உதடு காய்ந்திருந்தது. அந்தக் காய்ந்த உதட்டைப் பார்த்து ஒரு நர்ஸ் இவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் ராக்கம்மா பெனாத்த ஆரம்பித்தாள். போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுத்தாள். "ஏலே, மூட்டையத் தைக்காம எங்கிட்டுலே போற?" என்று யாரையோ வைதாள். சுப்பையா பயந்து ஓடி வந்தார்.

"வையட்டும்ணே. நல்லா வையட்டும்" என்றாள் தேவகுமாரி.

மழை குறைந்து திரையில் வெளிச்சம் வந்தபோது சுசித்ரா நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த மருத்துவமனையின் பெரிய டாக்டர் ஒருவரும் நின்றார்.

"நெஞ்சு சுத்தமாயிருச்சு டாக்டர். திட்டிக்கிட்டு இருக்கா. அவ்வளவுதான் டாக்டர்."

சுசித்ரா உடனே பதில் சொல்லவில்லை. சேட்டிலைட் தாமதம் என்றுதான் தேவகுமாரி முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தால், டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மதுரை மருத்துவமனையிலிருந்து போன் போய், பொழுது சாய்வதற்குள் டாக்டர் அருள்தாஸ் வந்து சேர்ந்தார். மண் சரிந்த இடம் வரை ஜீப்பில் வந்து, முழங்கால் சேற்றில் இறங்கி நடந்து, இந்தப் பக்கம் ஒரு டிராக்டரைப் பிடித்து, அடுத்துப் போட வேண்டிய மருந்தைப் பையில் சுமந்துகொண்டு வந்திருந்தார். ராக்கம்மாவின் வயிற்றையும் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தார். பிறகு நேராக மூன்றாவது அறைக்குப் போய், சேற்றுக் காலோடு கேமரா முன்னால் உட்கார்ந்து, "வணக்கம் டாக்டர். நான் அருள்தாஸ். நம்ம பேஷண்ட்டைப் பத்திப் பேசலாமா?" என்றார். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ரோடு திறந்ததும் ராக்கம்மாவை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். வேலை செய்யும்போது தோலில் பட்டது என்று இரண்டு டாக்டர்களும் எழுதிக் கொடுத்திருந்ததால், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். சுசித்ரா தினமும் வார்டுக்கு வந்து ராக்கம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஏசி அறைக்குப் போனார்.

ஊர் திரும்பிய ராக்கம்மா முதல் வேலையாக டிவி அறைக்கு வந்தாள். பவுடர் பூசவில்லை. "தாயி, நல்லாருக்கியா? சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் திரையைக் கும்பிட்டாள். சுப்பையா பின்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"டாக்டரம்மா, அந்த மருந்து கலக்குறதப் பத்தி எங்காளுககிட்டயும் சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டாக. டிவியில சொன்னாக் கேப்பாக."

அப்படித்தான் அந்த அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலம் வைத்திருந்த காட்டுக்காரர்களும் கூலிக்காரர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கையை விட்டுக் கலக்கக் கூடாது, காற்றுக்கு எதிரே அடிக்கக் கூடாது, மேலே பட்டால் துணியோடு நிற்கக் கூடாது என்று சுசித்ரா சொன்னார். அருள்தாஸ் பக்கத்தில் நின்று மலைப் பேச்சில் எடுத்துச் சொன்னார். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சில காட்டுக்காரர்கள் கையுறை வாங்கித் தர முணுமுணுத்தார்கள். ஆனால் ராக்கம்மா வேலைக்குப் போகும் காட்டில் கையால் கலக்க யாரும் துணிவதில்லை. அவள் வாய்க்கு அவ்வளவு பயம்.

2008 கோடையில் சுசித்ரா முதல் தடவையாக மன்னவனூருக்கு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் மாலையோடு நின்றார்கள். காரின் கதவு திறந்தது. வெளிறிய முகத்தோடு இறங்கிய டாக்டர் யாரையும் பார்க்காமல் நேரே வேலியோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தார். மலை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை.

தேவகுமாரி ஓடிப்போய் ஒரு கையால் நெற்றியைத் தாங்கிப் பிடித்து, மறு கையால் முதுகைத் தடவிவிட்டாள்.

"மொத மொதல்ல நேர்ல பாக்குறோம், இப்படியா சிஸ்டர்?" என்றார் சுசித்ரா, கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டு.

"எல்லாருக்கும் இப்பிடித்தான் டாக்டர். படுங்க, பிரஷர் பாக்குறேன்."

கட்டிலில் படுத்துக்கொண்டு, தன் கையில் பட்டையைச் சுற்றுகிறவளைப் பார்த்துக்கொண்டே சுசித்ரா சொன்னார்: "அன்னிக்கு லிங்க் போனப்ப நான் வேண்டாத சாமி இல்ல. நீங்க நிறுத்தியிருப்பீங்களோன்னு ஒரு பயம். நிறுத்தல. உங்களுக்கு ஒரு நன்றிகூட ஒழுங்காச் சொல்லல நான்."

"நீங்க சொல்லித் தராம இருந்திருந்தா நான் பாதியில நிறுத்தியிருப்பேன் டாக்டர். நன்றி நாந்தான் சொல்லணும்" என்றாள் தேவகுமாரி. சொல்லிவிட்டுப் பட்டையை இன்னும் இறுக்கினாள்.

தலைசுற்றல் நின்றதும் சுசித்ரா எழுந்து முகம் கழுவினார். வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் மட்டுமே பார்த்த வயிறுகளையும் மூட்டுகளையும் அன்று மாலை வரை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தார் அவர். தேவகுமாரி பக்கத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ராக்கம்மா இரண்டு பேரையும் கையோடு தன் வீட்டுக்குச் சோறு தின்னக் கூட்டிப் போனாள்.